பகுதி சபாவைச் சாயங்காலம் நடத்துங்கள்

வேலூர் மாநகராட்சி மாமன்ற உறுப்பினர்கள் அறுபது பேருக்கும் வணக்கம். வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடித் தங்கள் குறைகளைப் பேசும் பகுதி சபாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்வு நாள் என்பதால் அன்று காலை ஒன்பது மணிக்கே மிஷின் சூடாகிவிடும். மனு எழுதித் தருபவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் எழுத எழுத நான் நகல் எடுப்பேன். பட்டா, முதியோர் உதவித்தொகை தவிர என் கையில் அதிகம் வருவது கால்வாய் அடைப்பு, தண்ணீர், தெருவிளக்கு. கலெக்டரைத் தேடி வரவே தேவையில்லாத சங்கதிகள்.

ஒரு திங்கட்கிழமை வயதான அம்மா ஒருவர் வந்தார். எந்த ஊர், எந்த வார்டு என்பது இங்கே வேண்டாம். அவர் வீட்டு முனையில் விளக்கு எரியவில்லை. வார்டு உறுப்பினருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று நான்கு நகல் கேட்டார். மனுவில் கம்பத்தின் எண் இல்லை. "எண் போட்டால் நல்லதும்மா" என்றேன். பேரனுக்குப் போன் போட்டார். அந்தப் பையன் கம்பத்தில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கிழித்துவிட்டு எண்ணைப் படித்துச் சொன்னான். எழுதிக்கொண்டு கிளம்பும்போது அந்த அம்மா சொன்னது: "எரியலன்னாகூடப் பரவால்ல தம்பி, எப்ப எரியும்னு யாராச்சும் சொன்னா போதும்."

அந்த மனு கலெக்டர் ஆபீசில் பதிவாகும், எண் வாங்கும், பிறகு அவருடைய ஊருக்கே, அந்தத் தெருவைப் பார்க்க வேண்டிய அதே அலுவலகத்துக்கே திரும்பிப் போகும். அவர் பஸ் ஏறி வந்தார், மனு தபாலில் திரும்புகிறது, அவ்வளவுதான். எனக்கென்னவோ வியாபாரம். உங்கள் வேலை ஒழுங்காக நடந்தால் என் கல்லாவில் கொஞ்சம் குறையும் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றால் அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சண்டை வரும், மைக்கைப் பிடுங்குவார்கள், ஆனால் கணக்கை எழுந்து நின்று கேட்கலாம். மாநகராட்சி விரிவானபோது ஊராட்சியாக இருந்த சில இடங்களும் நம்மோடு சேர்ந்தன. வரி மாறியது, போர்டு மாறியது, அவர்களுக்கு இருந்த அந்த சபை மட்டும் கூட வரவில்லை. அதற்குப் பிறகு 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை மாமன்றமே இல்லை, தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரியே நிர்வாகம் பார்த்த தனி அலுவலர் காலம்.

மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் இருக்கும் நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று 1993இல் நடைமுறைக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தமே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபா இரண்டுக்கும் விதிகள் வர 2022 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், நகரங்களில் பகுதி சபாக்கள் கூட ஆரம்பித்தன. சரி, தாமதமானாலும் வந்ததே என்று சந்தோஷப்பட்டவன் நான்.

பக்கத்து ஊர் ஒன்றில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். வேலை நாள், காலை பதினொரு மணி, பள்ளிக்கூடத் தாழ்வாரம். முன்வரிசையில் தூய்மைப் பணியாளர்கள், வேலைக்கு நடுவில் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். பொதுமக்கள் என்று எண்ணினால் ஏழெட்டுப் பேர். கையெழுத்து நோட்டு ஒரு சுற்று வந்தது, போட்டோ எடுத்தார்கள், டீ வந்தது, முடிந்தது. காலை பதினொரு மணிக்கு மண்டித் தெருவில் மூட்டை இறக்குகிறவர் வர முடியுமா? ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கும் பெண் வர முடியுமா? அந்த நேரத்தில் கூட்டம் போட்டுவிட்டு "மக்களுக்கு ஆர்வமில்லை" என்று சொல்வது நியாயமே இல்லை. இங்கே உங்கள் வார்டுகளில் அப்படி நடக்க வேண்டாம். சாயங்காலம் ஆறரைக்கு மேல், தெரு முனையில், நாலு நாள் முன்னதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டு நடத்துங்கள். போன கூட்டத்தில் கேட்டது என்ன ஆயிற்று என்பதை முதலில் வாசியுங்கள். புதுப் பேச்செல்லாம் அப்புறம்.

முன்னதாகச் சொல்வது என்றதும் அந்த பைக் ஞாபகம் வருகிறது. 2022 ஜூனில் காளிகாம்பாள் கோவில் தெருவில், நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தை நகர்த்தாமல் அதோடு சேர்த்தே சிமென்ட் சாலை போட்டது நாடு முழுக்கச் சிரிப்பாகப் போனது. நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், இன்றைக்கு ராத்திரி இங்கே ரோடு போடுகிறோம் என்று முதல் நாள் ஒரு தாள் ஒட்டியிருந்தால் வண்டிக்காரர் தானே தள்ளி நிறுத்தியிருப்பார். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி, மூடி, மறுபடி தோண்டிய தெருக்களில் குடியிருந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தோண்டுவதுகூடப் பெரிய கோபமில்லை. எவ்வளவு நாள், யாரைக் கேட்பது என்பதுதான் தெரியாது.

ஆகவே வேலை தொடங்கும் அன்றே தெருவில் போர்டு வையுங்கள். வேலையின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்ததாரர், முடிக்க வேண்டிய தேதி, பொறியாளரின் போன் எண். முடிந்த பிறகு திறப்பு விழாவுக்கு வைக்கும் கல்வெட்டு வேறு, இது வேறு. இதெல்லாம் ரகசியமும் இல்லை. ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவு கூடாது என்று நம் மாநிலத்தில் 1998லேயே சட்டம் வந்துவிட்டது. 2005இன் தகவல் உரிமைச் சட்டம், பட்ஜெட்டையும் செலவையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. ஆனாலும் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, முப்பது நாள் காத்திருக்கத் தயாராக என் கடைக்கு ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

மாமன்ற அஜெண்டாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது" என்று முடியும் பக்கங்களை எனக்கே இரண்டு முறை படித்தால்தான் புரிகிறது. உங்கள் வார்டு சம்பந்தப்பட்டதை மட்டும் பேச்சுத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டினால் போதும்.

நாங்களும் ஒழுங்கில்லை என்பது உண்மை. கூப்பிட்டால் பாதிப் பேர் சீரியலை விட்டு எழுந்திருக்க மாட்டோம். முதல் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் கத்துவோம். மூன்றாவது கூட்டத்துக்குள் யார் என்ன கேட்டார், என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டால் கத்தல் குறையும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிப்பதாக இருந்தால் முதல் இருநூறு நகலுக்கு நான் காசு வாங்க மாட்டேன். எழுதிக் கொடுத்தனுப்புங்கள். திங்கட்கிழமை காலை மட்டும் வேண்டாம், அன்று மிஷினுக்கு ஓய்வில்லை.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி ஜெராக்ஸ் கடைக்காரன்