செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் குடியிருப்போர் நலச்சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு முறையாகக் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு உழைப்பில் பெரும்பகுதி நமது சந்தா, புகார் செயலியின் திரைகளைத் திருத்துவதில் சென்றது.

"தொட்டாலும் வேலை செய்யவில்லை" என்று மூத்த உறுப்பினர்கள் சொன்னதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, பொத்தான் சிறியது. ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் 48 டிபி (திரையில் அளவைக் குறிக்கும் அலகு), அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர், குறைந்தபட்ச அளவுதான். நாம் 64 டிபி ஆக்கி, பொத்தான்களுக்கு நடுவே 16 டிபி இடம் விட்டோம். இரண்டாவது, நிதானமாக அழுத்தும் விரல் அரை நொடி தங்கினாலே கருவி அதை நீள்அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. எனவே சாதாரணத் தொடுதலுக்கும் நீள்அழுத்தத்துக்கும் ஒரே செயலை வைத்தோம். மூன்றாவது, காய்ந்த விரல்நுனியையும் நகத்தையும் தொடுதிரை சரியாக உணராது. இதற்குச் செயலியில் மருந்தில்லை. விரலின் சதைப்பகுதியால் தொடச் சொல்ல வேண்டியதுதான்.

தமிழ் எழுத்துக்கு வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.5 மடங்காவது வேண்டும். இல்லையேல் 'கீ'யின் மேல்சுழியும் மேல்வரி 'மூ'வின் கீழ்வளைவும் மோதும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'பணம் செலுத்து' பாதியில் வெட்டுப்பட்டது. அகலத்தைச் சொல்லுக்கேற்ப விரியவிட்டோம். கட்டத்துக்குள் வெளிர்சாம்பலில் இருந்த குறிப்பை, ஏற்கெனவே நிரப்பியாயிற்று என்று பலர் நினைத்தனர். அதைக் கட்டத்துக்கு மேலே கறுப்பில் போட்டோம்.

சொற்களில்தான் பெரிய சிக்கல். "புகாரை ரத்து செய்யவா?" என்ற கேள்விக்குக் கீழே 'ரத்து', 'சரி' என்று இரு பொத்தான்கள். எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று வடிவமைத்தவரே தடுமாறுவார். இப்போது 'புகாரை நீக்கு', 'புகார் இருக்கட்டும்' என்றிருக்கிறது. 'சமர்ப்பி' என்பது 'புகாரை அனுப்பு' ஆனது. (அறிக்கையைச் சமர்ப்பிக்கலாம், குழாய்ப் புகாரை யாரும் சமர்ப்பிப்பதில்லை.) பட்டியலைத் திறக்கும் மூன்று கோட்டுக் குறியை எடுத்துவிட்டு, பட்டியலைச் சொற்களாகவே வைத்தோம்.

ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பினால் படிவம் வெறுமையானது. இப்போது நிரப்பியது அப்படியே நிற்கும். மோசடியில் யாரும் சிக்காமலிருக்க, சந்தா பக்கத்தில் "பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையில்லை" என்ற வரி நிரந்தரமாக இருக்கும். சாதாரண கைபேசி வைத்திருப்போர் இணையம் இல்லாமலே *99# அல்லது 2022இல் வந்த யுபிஐ 123பே வழியாகச் செலுத்தலாம்.

சோதிக்கும் தன்னார்வலர்களுக்கு: "தண்ணீர் வரவில்லை, சங்கத்துக்குத் தெரிவியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பொத்தானின் பெயரை உச்சரித்தால் அது சொல் தேடும் விளையாட்டாகிவிடும். பேரப்பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது. "எனக்குத்தான் தெரியல" என்று ஒருவர் சொன்னால், அதைத் திரையின் பிழையாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

தெருவிளக்குப் புகாரில் கம்ப எண் கேட்கும் கட்டம் இன்னும் திருத்தப்படவில்லை. எண்ணுக்குப் பதில் படம் எடுத்து அனுப்பும் வழிக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்