கேமரூன் எதிர்க்கட்சிகளுக்கு: அடுத்த கம்யூன் தேர்தலுக்கு முன் ஒரு திறந்த மடல்

கேமரூனின் எதிர்க்கட்சித் தலைமைகளுக்கும் மாவட்டப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மொத்தம் 360 கம்யூன்கள், அதாவது ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நகரமன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உள்ளாட்சிப் பகுதிகள். 2020 பிப்ரவரி 9 தேர்தலில் அவற்றில் 316 ஆளுங்கட்சியான ஆர்.டி.பி.சி. கையில் விழுந்தன. 2013-இல் 305. இந்த எண்களில் முறைகேட்டுக்கு எவ்வளவு பங்கு என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் பல கம்யூன்களில் எதிர்த்து நிற்க ஒரு வேட்பாளர் பட்டியல்கூட இல்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. போட்டியே இல்லாத இடத்தில் யாரும் ஓட்டைத் திருட வேண்டிய அவசியமில்லை.

கம்யூன் என்றால் குப்பை, சந்தை, குடிநீர்க் குழாய் என்று சிறிதாக எண்ணிவிடுகிறீர்கள். மற்ற அவைகளெல்லாம் அங்கிருந்துதான் முளைக்கின்றன. செனட்டின் 100 இடங்களில் 30 பேரை ஜனாதிபதி நியமிக்கிறார். மீதி 70 பேருக்கு ஓட்டுப் போடுவது நகரமன்ற உறுப்பினர்களும் பிராந்திய மன்ற உறுப்பினர்களும். 2023 மார்ச்சில் அந்த எழுபதும் ஆளுங்கட்சிக்கே போயின. பிராந்திய மன்றங்களிலும் இதே கதை: ஒவ்வொரு மன்றத்திலும் 90 பேர், பாரம்பரியத் தலைவர்களின் 20 பிரதிநிதிகள் போக, 70 பேரை நகரமன்ற உறுப்பினர்கள்தான் அனுப்புகிறார்கள். 2020 டிசம்பரில் பத்துப் பிராந்தியங்களில் ஒன்பது ஆர்.டி.பி.சி. வசமாயின. அடாமாவா மட்டும் யு.என்.டி.பி. என்ற கட்சிக்குக் கிடைத்தது.

புறக்கணிப்புக்கு என்ன விலை என்பதை எம்.ஆர்.சி. கட்சித் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசும் பகுதிகளில் போர் ஓயட்டும், தேர்தல் சட்டம் திருந்தட்டும் என்று சொல்லித்தான் 2020-இல் ஒதுங்கினீர்கள். அந்தக் காரணங்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு கட்சி ஜனாதிபதி வேட்பாளரை நிறுத்த வேண்டுமானால், நாடாளுமன்றத்திலோ, செனட்டிலோ, பிராந்திய மன்றத்திலோ, நகரமன்றத்திலோ அதற்குப் பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிராந்தியம்தோறும் திரட்டிய 300 பிரமுகர்களின் கையொப்பம் வேண்டும். அதனால்தான் 2025-இல் எம்.ஆர்.சி. தலைவர் மோரிஸ் காம்டோ தம் கட்சியை விட்டு மானிடெம் கட்சியின் பெயரில் மனுச் செய்ய நேர்ந்தது. அந்தக் கட்சியின் பெயரில் இன்னொரு மனுவும் வர, தேர்தலை நடத்தும் அமைப்பான எலெக்காம் அவருடையதை நிராகரித்தது. அரசியலமைப்பு மன்றமும் ஆகஸ்டில் அதையே உறுதிசெய்தது. ஏதாவது ஒரு சிறிய கம்யூனில் மன்ற இருக்கை இருந்திருந்தால், இரவல் வீட்டில் இடம் கேட்க வேண்டி வந்திருக்காது.

இனி நடைமுறைக்கு வருகிறோம்.

தேர்தல் எப்போது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. மன்றத்தின் காலம் ஐந்தாண்டு என்று சட்டம் சொல்கிறது. 2007 ஜூலைக்குப் பின் 2013 செப்டம்பரில் நடந்தது. அதற்குப் பின் 2020 பிப்ரவரியில். அடுத்தது 2025-இல் வந்திருக்க வேண்டும். பதவிக்காலத்தை நீட்டி 2026-க்குத் தள்ளினார்கள். வாக்காளர்களைத் தேர்தலுக்கு அழைக்கும் ஜனாதிபதியின் அழைப்பாணை வெளியாகி 90 நாளில் வாக்குப்பதிவு வந்துவிடலாம். 2020 தேர்தலுக்கான ஆணை 2019 நவம்பர் 10-இல்தான் வந்தது. அந்த ஆணையிலிருந்து மனுத்தாக்கலுக்குக் கிடைப்பது 15 நாள் மட்டுமே. தேதி தெரியட்டும் என்று காத்திருந்தால் தோல்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்தப் பதினைந்து நாளில் என்னென்ன தயாராக வேண்டும் என்று பாருங்கள். 50,000 பேருக்குக் குறைந்த கம்யூனுக்கு 25 உறுப்பினர். 50,000 முதல் ஒரு லட்சம் வரை 31. பெரிய நகரக் கம்யூன்களில் 61 வரை போகும். பட்டியலில் ஒரு பெயர் குறைந்தாலும் செல்லாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் 23 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆளுக்கு 50,000 சி.எஃப்.ஏ. பிராங்க் டெபாசிட். ஆக, மிகச் சிறிய கம்யூனுக்கே 12,50,000 பிராங்க். 360 கம்யூனிலும் நிற்பதாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 25 பேர் என்று கணக்குப் போட்டாலே 45 கோடி பிராங்க் வருகிறது; உண்மையில் அதைவிடக் கூடும். எந்த எதிர்க்கட்சியாலும் இது ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை. வெல்லக்கூடிய கம்யூன்களை இப்போதே பொறுக்கி எடுத்து, அவற்றுக்கு மட்டும் பணத்தை ஒதுக்கிவையுங்கள்.

பணத்தைவிட அதிகம் கழுத்தறுப்பது தாள்கள்தான். பிறப்புச் சான்றின் நகலும் குற்றப்பதிவுச் சான்றும் மூன்று மாதத்துக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். அதனால் போன வருடமே வாங்கி வைத்தால் பயன் இல்லை. குடியுரிமைச் சான்று, டெபாசிட் ரசீது, கட்சியின் ஒப்புதல் கடிதம், கையொப்பம் அதிகாரியால் உறுதிசெய்யப்பட்ட வேட்பு அறிக்கை ஆகியவையும் சேர வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். உறுதிசெய்ய வேண்டிய அதிகாரி அரசு நியமித்தவர். அவர் வெளியூர் போயிருக்கிறார், முத்திரை இல்லை, நாளை வாருங்கள் என்று நாள் ஓடிவிடும். 25 பேரும் முதல் மூன்று நாளிலேயே, ஆளுக்கொரு சாட்சியுடன் போய் நிற்கட்டும். மறுத்தால் மறுத்த நாளையும் நேரத்தையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். பிறந்த ஊர் வேறு பிராந்தியத்தில் இருப்பவருக்குச் சான்றுகள் வர நாளாகும்; அவர்கள் பெயரைத் தனியாகக் குறித்து, வேலையை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

பட்டியல் அந்தக் கம்யூனின் சமூகக் கூறுகளையும் பெண்களையும் பிரதிபலிக்க வேண்டும் என்று இன்னொரு விதி உண்டு. எத்தனை பேர் என்று சட்டம் எண் சொல்லவில்லை. எண் இல்லாத விதியை யார் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். ஊரில் உள்ள ஒவ்வொரு சமூகத்திலிருந்தும், மேய்ச்சல் குடும்பங்களிலிருந்தும், வந்து குடியேறியவர்களிலிருந்தும் ஆள் சேர்த்து, யார் எந்தப் பிரிவு என்று ஒரு தாளில் எழுதி மனுவோடு இணைத்துவிடுங்கள். தள்ளுபடி ஆனால் வழக்குப் போட ஐந்து நாள்தான் இருக்கிறது. அப்போது இந்தத் தாள் கையில் இருக்கும்.

இடப்பங்கீட்டுக் கணக்கு உங்களில் பலருக்கு இன்னும் தெளிவாகவில்லை என்று தோன்றுகிறது. ஒரு பட்டியல் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் எல்லா இடமும் அதற்கே. 51 சதவீதத்துக்கு 25 இடம், 49 சதவீதத்துக்கு ஒன்றுமில்லை. யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் முதலில் வந்த பட்டியலுக்குப் பாதி இடம், அதாவது 13. மீதி 12 விகிதாசாரப்படி பிரியும். 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பங்கில்லை. இதிலிருந்து வியூகம் தானாகப் பிறக்கிறது. ஆளுங்கட்சி 55, 60 என்று வாங்கும் ஊரில் அதன் ஓட்டில் கைவைக்காமல் நான்கு எதிர்க்கட்சிகள் தங்களுக்குள் அடித்துக்கொள்வது வீண். அது 45-இல் நிற்கும் ஊரில் நீங்கள் தனித்தனியே நின்றாலும் உள்ளே நுழையலாம், ஆனால் 5 சதவீத வாசலைத் தாண்டாதவர் கொண்டுவந்த ஓட்டு குப்பைக்குப் போகும். ஊர் ஊராக உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். ஒரே பட்டியல் தேவைப்படும் ஊரில் ஒரு கட்சியின் பெயரில் மற்றவர்களின் ஆட்களையும் ஏற்றுங்கள். கட்சிப் பெருமையைத் தலைநகரில் வைத்துக்கொள்ளலாம்.

வாக்காளர் பதிவு ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. ஆனால் அழைப்பாணை வந்த நாளோடு பதிவு நின்றுவிடும். 2025-இல் ஜூலையிலேயே அப்படி நின்றது. ஆகஸ்டு இருக்கிறதே என்று நம்பி இளைஞர்களைத் தாமதிக்கவிடாதீர்கள். 20 வயது நிரம்பியவர்களை ஜனவரி, பிப்ரவரியிலேயே அழைத்துப் போங்கள்.

வாக்காளர் பட்டியல் திருத்தக் குழு, வாக்காளர் அட்டை வழங்கும் குழு, வாக்குச்சாவடிக் குழு, கம்யூன் மேற்பார்வைக் குழு என்று எல்லாவற்றிலும் கட்சிகளின் பிரதிநிதிக்குச் சட்டம் நாற்காலி போட்டிருக்கிறது. அந்த நாற்காலி காலியாக இருந்துவிட்டுப் பிறகு முறைகேடு என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

வாக்குச்சாவடியில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். காலை 8 முதல் மாலை 6 வரை. ஒவ்வொரு கட்சிக்கும் தனித் தாள். வாக்காளர் எல்லாத் தாள்களிலும் ஒவ்வொன்றும் ஓர் உறையும் எடுத்துக்கொண்டு மறைவுக்குள் போகிறார். தேர்ந்ததை உறையில் போட்டு, மீதியை அங்கேயே எறிய வேண்டும். இங்கேதான் ஓட்டை விலைக்கு வாங்குபவர் புகுகிறார். எறிய வேண்டிய தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்து வெளியே கொண்டுவந்து காட்டினால் காசு. மறைவுக்குள் இருக்கும் கூடை எங்கே, எப்போது நிரம்புகிறது, வெளியே யார் கையில் தாள் இருக்கிறது என்பதை உங்கள் முகவர் பார்க்க வேண்டும். உறைக்குள் வெவ்வேறு கட்சிகளின் தாள்கள் இருந்தாலும், தாளில் குறியிட்டிருந்தாலும் ஓட்டு செல்லாது. இதை ஊர்க் கூட்டங்களில் மாதிரித் தாளையும் உறையையும் வைத்துச் செய்து காட்டுங்கள்.

மாலை 6 மணிக்குப் பின் வரும் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. காலையிலிருந்து சாப்பிடாத முகவர் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார். எண்ணி முடித்து எழுதும் அறிக்கையில் கையெழுத்திட்டவருக்குத்தான் நகல் கிடைக்கும். ஒரு சாவடிக்கு இரண்டு பேர், மதியம் மாறிக்கொள்ளும் முறை, சோறு, தண்ணீர், டார்ச், சார்ஜ் உள்ள கைப்பேசி: இவ்வளவுக்கும் முன்கூட்டிப் பணம் வையுங்கள். எண்ணுவதற்கு முன் வெற்று அறிக்கையில் கையெழுத்துக் கேட்டால் மறுக்கட்டும். நகல்களுக்குள் வேறுபாடு வந்தால் எலெக்காம் வைத்திருக்கும் நகலே செல்லும் என்று சட்டம் சொல்கிறது. மிக அநியாயமான விதி இது; நீக்கச் சொல்லி நீங்கள் போராடுவது சரியே. அது நீங்கும்வரை, தவறு கண்ட இடத்தில் அந்த மேசையிலேயே ஆட்சேபத்தை எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள். மற்ற எதிர்க்கட்சிகளின் முகவர்களும் தங்கள் நகலை அன்றிரவே படமெடுத்து ஒரே இடத்துக்கு அனுப்பட்டும்.

முடிவு அறிவித்த பின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக ஐந்து நாள். அந்த நீதிமன்றம் பிராந்தியத் தலைநகரில்தான் இருக்கிறது. வடகோடி ஊரான குஸ்ஸேரியிலிருந்து அதன் பிராந்தியத் தலைநகரான மருவாவுக்குச் சாலையில் போய்ச் சேர்ந்து, வழக்கறிஞரைத் தேடி, நகல்களை அடுக்கி மனு எழுதுவதற்குள் நாலு நாள் போய்விடும். பத்துத் தலைநகரிலும் ஒவ்வொரு வழக்கறிஞரை வாக்குப்பதிவுக்கு முன்பே அமர்த்தி, அவர் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு முகவரின் அட்டையிலும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கேமரூன் உள்ளாட்சித் தேர்தல் விதிகளைத் தொடர்ந்து படித்து வருபவர்கள்