2024-25 ஆண்டறிக்கை – செயலாளர் (நீளம் தான், ஆனா முழுசா படிங்க)

எல்லாருக்கும் வணக்கம். கிட் டப்பாவுல வர பார்ட்டை ஒட்டி சின்ன விமானம், டாங்க்னு செய்யற நம்ம பிளாஸ்டிக் மாடல் சங்கத்தோட பொதுக்குழுல வாசிக்கணும்னு தான் இதை டைப் பண்ணி எடுத்துட்டு வந்தேன். மொத்தம் 34 உறுப்பினர், வந்தது 9 பேர், அதுலயும் ரெண்டு பேர் டீ குடிச்ச கையோட கிளம்பிட்டீங்க. காலி நாற்காலிக்கு வாசிச்சு என்ன பண்ண, அதனால எல்லாருக்கும் அனுப்பிடறேன்.

மாசக் கூட்டம் 12க்கு 10 நடந்துச்சு. டிசம்பர்ல மழை, ஏப்ரல்ல ஹால் சாவி வெச்சிருந்தவர் ஊருக்குப் போயிட்டார். ஜனவரியில ஸ்கூல்ல வெச்ச கண்காட்சி நல்லபடியா முடிஞ்சது, ஒரு குட்டிப் பையன் 1/72 (நிஜத்துல 72ல ஒரு பங்கு) மிக்-21 போர் விமான மாடலோட மூக்குல நீட்டிட்டு இருக்க பிட்டோ குழாயை உடைச்சிட்டான், அந்த மாடலைப் பண்ணவர் பெருந்தன்மையா சிரிச்சாரு. ஏர்பிரஷ் (காத்தால பெயிண்ட் அடிக்கற பேனா) வகுப்பு ஒன்னு நடந்துச்சு. அதுக்குக் காத்து குடுக்கற சங்கத்தோட கம்ப்ரசர் ஜூலையில ஒருத்தர் வீட்டுக்குப் போச்சு, இன்னும் வரல, யார்னு எழுத மாட்டேன், அவருக்கே தெரியும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். கடை நோட்டு.

இது எதுக்கு ஆரம்பிச்சேன்னு சில பேர் இன்னும் கேக்கறீங்க. நம்ம ஆளுங்கள்ல யாராவது மகனைப் பாக்க சிங்கப்பூர் போறாங்க, கம்பெனி வேலையா ஜெர்மனி போறாங்க, ஃப்ளைட் ஏறதுக்கு முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு "அங்க மாடல் கடை எங்க இருக்கு சார்"னு எனக்கு மெசேஜ். ஒரே கேள்விக்கு ஒரே பதிலை எத்தனை தடவை தான் எழுதறது. அதனால ஒரு நோட்டு போட்டேன். ஊர், கடைக்குப் பக்கத்து ஸ்டேஷன், எத்தனாவது மாடி, எப்ப திறக்கும், என்னிக்கு லீவு, விமானம் அதிகமா டாங்க் அதிகமா, பழைய கிட் கிடைக்குமா, வரி திரும்பக் கிடைக்குமா. அவ்வளவு தான். இதுல என் சுயநலம் என்ன இருக்குன்னு எனக்குப் புரியல.

நோட்டோட முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன், மேப்ல "ஹாபி ஷாப்"னு தேடாதீங்க. தேடினா எம்பிராய்டரி நூல், ரிமோட் கார், பெயிண்டிங் கேன்வாஸ்னு காட்டும். அந்தந்த ஊர் பாஷையில தேடணும். ஜப்பான்ல மொகெய், ஜெர்மனில மொடெல்பாவ், இத்தாலில மொடெல்லிஸ்மோ. மொடெல்பாவ்னு தேடினாலும் பாதி ரயில் செட் கடையா தான் வரும், அதனால கடைக்குள்ள எடுத்த போட்டோவைப் பெருசு பண்ணி அலமாரியைப் பாருங்க, ரெவெல், டாமியான்னு கிட் கம்பெனி டப்பாங்க அடுக்கியிருந்தா கிளம்பலாம், இல்லைன்னா வேணாம். ஹாங்காங் மோங்காக் மாதிரி இடத்துல கடை ரோட்டுல இருக்காது, மாடில இருக்கும், கீழ நின்னு தேடினா நாள் முழுக்க சுத்த வேண்டியது தான். இதெல்லாம் அனுபவப்பட்டவங்க சொல்லி நான் எழுதினது.

அடுத்து என் ஜப்பான் விஷயம். "செயலாளர் சங்கக் காசுல ஜப்பான் போயிட்டு வந்துட்டார்"னு ஒரு பேச்சு ஓடுது. கம்பெனி என்னை 3 வாரம் ஹமமட்சுக்கு டிரெய்னிங் அனுப்பிச்சது. டிக்கெட், ரூம் எல்லாம் கம்பெனி, ஊர் சுத்தினது என் பாக்கெட். சங்கத்துல இருந்து ஒரு யென் கூட எடுக்கல, பொருளாளர் சாட்சி.

ஹமமட்சுல இருந்து ஷிசுவோகாவுக்கு சாதா ரயில்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். புல்லட் ரயில்ல அரை மணிக்குள்ள போயிடலாம், ஆனா காசு யாரு குடுப்பா. ஷிசுவோகா தான் நம்ம பொழப்புக்கே தலைநகரம். டாமியா, அவோஷிமா, ஃபுஜிமின்னு கிட் கம்பெனிங்க, பாண்டாயோட கன்டம் ரோபோ கிட் தொழிற்சாலை எல்லாம் அந்த ஊர்ல தான், ஹசெகவா மூணு ஸ்டேஷன் தள்ளி யாய்சுல. ஏன் எல்லாம் ஒரே ஊர்லன்னு கேட்டா, அது மரவேலைக்குப் பேர் போன ஊர். டாமியாவே 1946ல மர வியாபாரமா தான் ஆரம்பிச்சது, அப்புறம் மர மாடல், அப்புறம் 1960ல முதல் பிளாஸ்டிக் கிட்டா யமாட்டோ போர்க்கப்பல். நாம உசுரா நினைக்கற 1/35 ஸ்கேலே ஒரு பேட்டரி கணக்கு தான், பான்தர் டாங்க்குக்குள்ள மோட்டாரும் பேட்டரியும் உக்காரணும்னு சைஸ் வெச்சாங்க, பின்னாடி அளந்து பாத்தா 1/35னு வந்துச்சு. ஊர்ல தபால் பெட்டியைக் கூட ஸ்ப்ரூல (கிட் பார்ட்டெல்லாம் ஒட்டியிருக்க பிளாஸ்டிக் சட்டம்) மாட்டின பார்ட் மாதிரி செஞ்சு நிக்க வெச்சிருக்காங்க, அதைப் பாத்ததும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, சிரிக்காதீங்க.

நான் போனது ஞாயித்துக்கிழமை. டாமியா தலைமை ஆபீஸ் மூடியிருந்துச்சு. பஸ் பிடிச்சுப் போய் வெளிய நின்னு அந்த சிவப்பு நட்சத்திரம், நீல நட்சத்திரம் போர்டை மட்டும் போட்டோ எடுத்துட்டு வந்தேன். கடை நோட்டு எழுதறவனுக்கே இந்த கதின்னு நீங்க சிரிக்கறது கேக்குது. ஆனா அதுக்கு அப்புறம் தான் நோட்டுல "லீவு நாள்"னு சிவப்பு மையில ஒரு கட்டம் போட்டேன். ஸ்டேஷன் பக்கத்துல ஹாபி ஸ்கொயர்னு ஒரு இடம் இருக்கு, அது திறந்திருந்துச்சு, அங்க ரெண்டு மணி நேரம் நின்னேன். மே மாசம் போறவங்க குடுத்து வெச்சவங்க, அப்ப தான் ஷிசுவோகா ஹாபி ஷோ, ஊர் ஊரா இருந்து கிளப்புங்க வந்து மேஜை போட்டு அவங்க மாடல்களை வெப்பாங்க.

டோக்கியோ எனக்கு ஒரு நாள் தான் கிடைச்சது. அகிஹபரால யோதோபாஷி கடையோட 6வது மாடிக்குப் போனா நம்ம ஊர்ல மளிகை சாமான் அடுக்கற மாதிரி கிட் அடுக்கியிருக்கான். பழைய கிட் வேணும்னா நகானோ பிராட்வே மால். பாஸ்போர்ட்டை கையோட எடுத்துட்டுப் போங்க, ஒரே கடையில 5,000 யென்னுக்கு மேல வாங்கினா டூரிஸ்ட்டுக்கு 10 சதவீத வரி கிடையாதுன்னு அங்க போர்டு போட்டிருந்துச்சு, ஜெராக்ஸ் எல்லாம் செல்லாது, நான் ரூம்லயே வெச்சிட்டுப் போய் முழு வரியும் கட்டினேன். இன்னொன்னு, டோக்கியோல இருந்து ஷிசுவோகா போறவங்க நோசோமி புல்லட் ரயில்ல ஏறாதீங்க, அது அங்க நிக்காது. நம்ம உறுப்பினர் ஒருத்தர் ஏறி நகோயால போய் இறங்கினார். நோட்டுல இருக்கே சார்னு கேட்டா "படிக்க நேரம் இல்ல"ங்கறார்.

படிக்காததுக்கு இன்னும் உதாரணம் வேணுமா. ஒருத்தர் லண்டன்ல இருக்க மச்சான் கிட்ட "நேட் விமானம் ஒன்னு வாங்கிட்டு வா"ன்னு மட்டும் சொல்லிருக்கார். மச்சான் பாவம் ஏர்ஃபிக்ஸ் 1/72 நேட் வாங்கிட்டு வந்துட்டார், அது ரெட் ஆரோஸ்ங்கற பிரிட்டிஷ் விமான சாகச அணி ஓட்டின ரெண்டு சீட்டு. இவருக்கு வேண்டியது 1965ல நம்ம விமானப்படை ஓட்டின ஒத்தை சீட்டு. டப்பாவைத் திறந்து பாத்துட்டு என்னைத் திட்டறார், நான் என்ன பண்ணேன். நோட்டுல இங்கிலாந்துக்கான பக்கத்துல தெளிவா இருக்கு, கிட் நம்பரோட எழுதிக் குடுங்கன்னு. ஹானன்ட்ஸ்ங்கற மாடல் கடை இங்கிலாந்தோட கிழக்கு ஓரத்துல லோஸ்டாஃப்ட்ல இருக்கு, லண்டன்ல இருந்து போக வர ஒரு நாள் போயிடும், தபால்ல வரவழைக்கறது மேல்னும் எழுதியிருக்கேன்.

பெயிண்ட் பத்தி இதோட கடைசியா சொல்றேன். ஸ்ப்ரே கேன், லாக்கர், தின்னர், எக்ஸ்ட்ரா தின் பசை, இது எதுவும் ஃப்ளைட்ல பெட்டியிலயும் வரக்கூடாது கையிலயும் வரக்கூடாது, தீப்பிடிக்கற சமாச்சாரம். டாமியா அக்ரிலிக்ல கூட ஆல்கஹால் இருக்கு. தண்ணி பேஸ்ல இருக்க வல்லேஹோ மாதிரி பெயிண்டைத் தான் விடுவாங்க, அதுவும் ஏர்லைன்ஸ் கிட்ட கேட்டுட்டு. கத்தியும் பார்ட் வெட்டற நிப்பரும் செக்-இன் பெட்டியில மட்டும். இவ்வளவு எழுதியும் ஒரு தம்பி ஏழு ஸ்ப்ரே கேனைப் பெட்டியில வெச்சு, ஏர்போர்ட்ல எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, வந்து "உங்க நோட்டு நம்பி தான்ணே வாங்கினேன்"னு சொல்றான். நாலாவது பக்கம் தம்பி, நாலாவது பக்கம்.

டப்பா பாதி காத்து தான், அதனால அட்டையை மடிச்சு அடியில போட்டு, ஸ்ப்ரூவை துணிக்கு நடுவுல, கண்ணாடி பார்ட்டை சாக்ஸுக்குள்ள, டெக்காலை (மாடல் மேல ஒட்டற சின்னம், நம்பர் ஷீட்) ஒரு புக்குக்குள்ள வெச்சா 23 கிலோல நிறைய வரும். டப்பா மடிச்சா பாவம்னு நினைக்கறவங்க ரெண்டு கிட்டோட திருப்திப்பட்டுக்கோங்க.

என் மனக்குறை என்னன்னா, இந்த வருஷம் எனக்குத் தெரிஞ்சே 11 பேர் வெளிநாடு போனீங்க. நோட்டுல எழுதினது 3 பேர். அதுல ஒருத்தர் சிங்கப்பூர் பத்தி எழுதினது "நல்ல கடை, ஏசி இருக்கு". எந்தக் கடை சார், எந்த ஸ்டேஷன்? நான் தான் துருவித் துருவிக் கேட்டு, 100 டாலருக்கு மேல வாங்கினா 9 சதவீத ஜிஎஸ்டியை ஏர்போர்ட்ல திரும்ப வாங்கலாம், பழைய மால் மாடிக் கடைங்க மத்தியானம் தான் திறக்கும்னு சேத்தேன். போகும்போது கேக்கத் தெரியுது, வந்தப்புறம் ஒரு பத்து வரி எழுத கை வரல. அடுத்தவங்களுக்கு வாங்கிட்டு வந்த கிட்டுக்குக் காசு குடுக்காம இழுக்கறவங்களும் நம்மகிட்ட இருக்காங்க, அதனால தான் "நான் எங்க போறேன்னே சொல்ல மாட்டேன்"னு ஒளிஞ்சு போறவங்களும் இருக்காங்க, ரெண்டு பக்கமும் நியாயம் புரியுது.

வரவு செலவு. போன வருஷ மீதியும் இந்த வருஷ சந்தாவும் சேர்ந்து வந்தது, ஹால் வாடகை, டீ, கண்காட்சி பேனர், நோட்டு பிரின்ட்னு போச்சு, கையில கொஞ்சம் இருக்கு, பெருசா ஒன்னும் இல்ல. விவரம் பொருளாளர் கிட்ட இருக்கு, ரசீது ரெண்டு மூணு தேடிட்டு இருக்கார். சந்தா 600 ரூபாய், 34 பேர்ல கட்டினது 19. ஒரு பெயிண்ட் செட் விலை கூட இல்ல. ஒன்னும் சொல்லல.

ஹால் குடுத்த ஸ்கூலுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், டீ கொண்டு வந்த அண்ணனுக்கும், ஞாயித்துக்கிழமை எல்லாம் என்னை வீட்டை விட்டு அனுப்பின என் வீட்டம்மாவுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நான் செயலாளரா இருக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. யாராவது முன்வந்தா நோட்டு, அலமாரி சாவி, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் அன்னிக்கே குடுத்துடறேன். பொதுக்குழுல இதை சொன்னப்ப அங்க மிச்சம் இருந்தவங்க எல்லாரும் ஃபேனைப் பாத்துட்டு இருந்தீங்க, அதையும் குறிச்சு வெச்சிருக்கேன். யாரும் வரலைன்னா பாத்துக்கலாம், ஆனா ஒரு நிபந்தனை, நோட்டு பிடிஎஃப் இனிமே சந்தா கட்டினவங்களுக்கு மட்டும் தான்.

பிப்ரவரில ரெண்டு பேர் ஜெர்மனி கிளம்பறதா காதுல விழுந்துச்சு. ரெண்டு பேருக்கும் சந்தா பாக்கி. இருந்தாலும் மனசு கேக்கல, சொல்லிடறேன், அங்க ஞாயித்துக்கிழமை கடை திறக்க மாட்டாங்க, சனிக்கிழமையே போயிடுங்க. நூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சி வியாபாரிகளுக்கு மட்டும், வாசல்ல போய் நிக்காதீங்க. வந்தப்புறம் பத்து வரி.

இப்படிக்கு,
செயலாளர்
(கம்ப்ரசர் வெச்சிருக்கவர் ஹோஸையும் சேத்துக் கொண்டு வரவும்)