மாலை ஐந்து மணிக்கு வாருங்கள்: வனத்துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வனத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கட்டுப்படுத்த 2025 ஜனவரியில் தமிழக அரசு கொண்டுவந்த ஏற்பாட்டை நாங்கள் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்றுக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனப் பணியாளர் சுடலாம். எங்கள் கரிசல்காடு மூன்றைத் தாண்டி வெகுதூரத்தில் கிடக்கிறது. மனு கொடுத்தோம், கிராமக் குழு வந்து பார்த்தது, அனுமதியும் கிடைத்தது. சென்ற வாரம் சுடும் அணி வந்தது, காலை பதினொரு மணிக்கு. கால்தடத்தைப் படம் எடுத்து, 'விலங்கு தென்படவில்லை' என்று எழுதிக்கொண்டு மதியத்துக்குள் திரும்பிவிட்டது.

அந்த நேரத்தில் எப்படித் தென்படும்? எங்கள் பக்கத்துப் பன்றி மலையிலிருந்து இறங்கி வருவதில்லை. கண்மாய்க்குள் அடர்ந்த சீமைக்கருவேலம் புதரிலேயே குட்டி போட்டு, அங்கேயே வளர்கிறது. பகலெல்லாம் சேற்றில் படுத்துக் கிடந்து, பொழுது சாய்ந்ததும் எழுந்து, ஓடைவழி ஒரே தடத்தில் வெளியே வரும். மார்கழியில் ஆறரைக்குள் இருட்டிவிடுகிறது. ஆறரையிலிருந்து ஒன்பதுவரைதான் அதைச் சுட வாய்ப்பு. ஆகவே கேட்கிறோம்: மாலை ஐந்து மணிக்கு வாருங்கள்.

புரட்டாசியில் ஏக்கருக்கு எட்டு கிலோ வீரிய விதை போட்ட மக்காச்சோளம் இப்போது பால் பிடித்து நிற்கிறது. இந்தப் பருவம் மொத்தமே இரண்டு மூன்று வாரம். பன்றி கதிரைப் பறித்துத் தின்றுவிட்டுப் போகிற பிராணி அல்ல. தட்டையை மார்பால் மோதிச் சாய்த்து, கதிரில் பாதியைக் கடித்துவிட்டு அடுத்த தட்டைக்குப் போகும். குட்டிகளோடு பத்து உருப்படி இறங்கினால் விடிவதற்குள் பத்து, பதினைந்து சென்ட் படுத்துவிடும். சாய்ந்த தட்டையில் மீதிக் கதிர் முற்றாது, மாட்டுக்குத்தான் ஆகும். பால் பருவம் தாண்டிய பிறகு வந்து சேரும் அனுமதி எங்களுக்கு எதற்கு? மனு கொடுத்த இரண்டு நாளில் அணி வர வேண்டும். அதுவும் மாலையில்.

அணி வந்தால் செய்ய வேண்டியவற்றையும் சொல்கிறோம், அனுபவம் உள்ளவர்கள் மன்னிக்க வேண்டும். ஐந்தரைக்குள் பரணில் ஏறிவிட வேண்டும். புதரிலிருந்து மக்காச்சோளக் காட்டை நோக்கிக் காற்று வரும் பக்கமாகப் பார்த்து உட்கார வேண்டும், ஏனென்றால் பன்றிக்குக் கண் மந்தம், மூக்குதான் எல்லாம். பீடி வாசனை போதும், அன்றைக்கு அந்தத் தடத்தில் வராது. பரண் எட்டு, பத்து அடி உயரம் இருந்தால் குண்டு கீழ்நோக்கிப் போய் மண்ணில் புதையும். கரிசல் குண்டை வாங்கிக்கொள்ளும். ஓடைக்கல் பக்கமோ பாறைப் பக்கமோ சுட்டால் தெறித்துத் திரும்பும். எந்தக் கோணத்துக்குள் மட்டும் சுடலாம் என்று வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு குச்சி நட்டுவிடுங்கள். ஊர், தார்ச்சாலை, பம்ப்செட் அறை எதுவும் அதற்குள் வரக்கூடாது. பன்னிரண்டு போர் (குழல் அளவு) துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு என்றால் நாற்பது மீட்டருக்குள் சுட வேண்டும். நிற்கிற பன்றியை, பக்கவாட்டில், முன்னங்காலுக்குப் பின்னால் பார்த்துச் சுட வேண்டும். ஓடுகிறதைச் சுட வேண்டாம். சில்லறைக் குண்டு தோலிலும் கொழுப்பிலும் தங்கிவிடும். அடிபட்ட பன்றி புதருக்குள் போய்விட்டால் இருட்டில் பின்தொடரவே கூடாது, மறுநாள் விடிந்ததும் தேடுங்கள். அடிபட்டது முதலில் குத்துவது விறகு பொறுக்க வரும் பெண்களைத்தான். வளர்பிறை நாட்களைத் தேர்ந்தெடுத்தால் நிலா முன்னிரவிலேயே துணை நிற்கும்.

இன்னொன்று. மும்முனை மின்சாரம் எங்கள் ஊர்த் தோட்டங்களுக்கு இரவில் முறைவைத்து வருகிறது. நீங்கள் பரணில் இருக்கும் நேரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் மடை திருப்பிக்கொண்டிருப்பார். அன்று எந்த நேரம் முறை என்று மின்வாரியத்தில் கேட்டு, ஊரில் ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகே அணி உட்கார வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும், ஆனால் எழுதுவாரில்லை.

நாங்கள் செய்யாததா? பழைய சேலையைச் சுற்றிக் கட்டினோம். சலூனில் தலைமுடி வாங்கிவந்து வரப்பில் தூவினோம். தகரம் தட்டினோம், வெடி போட்டோம். நாலு நாளில் எல்லாம் பழகிவிடுகிறது. சூரிய மின்வேலியில் அடிக்கம்பி முக்கால் அடிக்கு மேல் இருந்தால் குட்டி நுழைந்துவிடும். கீழே இறக்கினால் களை தொட்டு மின்சாரம் மண்ணுக்குப் போகிறது. பிறகு சிலர் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுகிறார்கள். அது கொலை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படித்தான் மாண்டன. தீனிக்குள் வெடியை மறைத்து அவுட்டுக்காய் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பன்றியைவிட முன்னதாகக் கடிப்பது நரி. எலியைத் தின்று எங்களுக்கு உதவுகிற நரி வாய் பிளந்து கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. சட்டப்படியான வழி தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் இந்தத் திருட்டு வழிகள்தான் பெருகுகின்றன. கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவரே உரிமம் உள்ள துப்பாக்கிக்காரருக்கு உத்தரவிட முடிகிறது. இங்கே ஒரு மாலை நேரத்தைக் கேட்டு இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

பிடித்துக் காட்டில் விடுவதையும் யோசித்துச் செய்யுங்கள். 2023 தொடக்கத்தில் முதுமலையில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலில் காட்டுப்பன்றிகள் இறந்தன. நோயுள்ள ஒன்றைக் கொண்டுபோய் விட்டால் காட்டுக்கே கேடு. சுட்டதையும் ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். கறிக்குப் பங்கு கேட்டு வருகிறவர்களுக்கு நாங்களே பதில் சொல்லிக்கொள்கிறோம்.

கோபம் எழுத்தில் தெரிந்திருந்தால் பொறுத்தருள வேண்டும். பரண் கட்டச் சவுக்குக் கம்பு தயார். குழி வெட்ட ஆள் தருகிறோம். தடம் காட்ட இரண்டு பேர் கண்மாய்க் கரையில் காத்திருப்பார்கள். தயவுசெய்து இந்த வளர்பிறை முடிவதற்குள், மாலை ஐந்து மணிக்கு அணியை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கண்மாய்க் கரை மானாவாரி விவசாயிகள்