நீங்கள் சொன்ன "பரவாயில்லை"களுக்கு நன்றி

அங்கிள்களுக்கும் ஆன்ட்டிகளுக்கும், தாத்தா பாட்டிகளுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன வாரத்தோடு என் உடல்நலக் கருத்தாய்வு வேலை முடிந்தது. சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில், ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே, கையில் ஐபேடும் கழுத்தில் அட்டையுமாக எட்டு மாதம் நின்று "ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்த பெண் நான்தான். இன்ஷூரன்ஸ் விற்க வந்தவள் என்று நினைத்துப் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். உட்கார்ந்து பேசிய மற்றவர்களுக்குத்தான் இந்த மடல். யார் யார் என்று சொல்லப்போவதில்லை, சில அடையாளங்களையும் மாற்றிவிட்டேன். உங்கள் கதை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

"எதுக்கும்மா இதெல்லாம் கேக்குற?" என்று கிட்டத்தட்ட எல்லாருமே கேட்டீர்கள். அப்போது எழுதிக் கொடுத்த இரண்டு வரியைத்தான் நான் படிக்க முடிந்தது. இப்போது சரியாகச் சொல்கிறேன். ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்று தெரியும், ஆனால் தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு பையைத் தூக்கித் திரும்ப வர முடிகிறதா என்பது அதில் தெரியாது. அதை உங்களிடம்தான் கேட்க வேண்டும். நான் வைத்திருந்தது ஈகியூ-5டி என்ற படிவம். 1987இல் ஐரோப்பாவில் கூடிய யூரோகால் என்ற ஆய்வுக்குழு உருவாக்கியது. நடப்பது, தானே குளித்து உடுத்துவது, வழக்கமான வேலைகள், வலி, கவலை அல்லது மனச்சோர்வு என்று ஐந்தே விஷயம். ஒவ்வொன்றுக்கும் "இல்லை" முதல் "முடியவே முடியாது" வரை ஐந்து படி. கணக்குப் போட்டால் 3125 விதமான உடல்நிலை வரும். சிங்கப்பூருக்கென்றே தனித் தமிழ்ப் படிவமும் உண்டு, அதனால்தான் உங்களோடு தமிழில் உட்கார முடிந்தது.

கேள்வியை உள்ளபடியே படிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது, பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது விதி. பேசுவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய எனக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று என் அம்மாவைக் கேட்டால் தெரியும்! முதல் வாரம் முழுக்க எல்லாவற்றுக்கும் "பரவாயில்ல, பரவாயில்ல" என்றே பதில் வந்தது. ஐந்து படியில் பரவாயில்லை எந்தப் படி? எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் ஒரு பழக்கம் வந்தது, கேள்வியைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது. பத்து விநாடி பொறுத்தால் "பரவாயில்ல"க்குப் பின்னால் ஒரு "ஆனா" வரும். அந்த "ஆனா"வைச் சொன்ன ஒவ்வொருவருக்கும் என் முதல் நன்றி.

உடுத்துவதில் சிரமமே இல்லை என்று சொன்ன ஆன்ட்டி, உங்களை மறக்கவே மாட்டேன். "இல்லை" என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, தோள் மேலே தூக்க முடியாததால் சேலை கட்டுவதை மூன்று வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டேன், இப்போதெல்லாம் நைட்டிதான், கல்யாணங்களுக்குப் போவதும் இல்லை என்று சர்வசாதாரணமாகச் சொன்னீர்கள். படிவத்தில் உங்களுக்குச் சிரமம் இல்லை. நீங்கள் பொய் சொல்லவில்லை, சிரமத்தைச் சுற்றி வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். இப்படிப்பட்டதை எழுத ஐபேடில் ஒரு குறிப்புக் கட்டம் வேண்டும் என்று மேலே கேட்டு வாங்கினேன். அது உங்களால் வந்த கட்டம்.

"வழக்கமான வேலை" என்றதும் "நான் ரிட்டயராகிப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, வேலையே இல்லையே" என்று சிரித்த அங்கிளுக்கும் நன்றி. வீட்டு வேலை, குடும்பக் காரியம், பொழுதுபோக்கு எல்லாம் அதில் அடக்கம் என்று படிவத்திலேயே இருக்கிறது, அதை மறுபடி படித்தேன். அப்போதுதான் தினமும் காலையில் பேத்தியைப் பள்ளிக்கு நடத்திக் கொண்டுபோனதையும், முட்டி வலியால் அந்த வேலை மருமகள் கைக்குப் போனதையும் சொன்னீர்கள். அப்புறம் அந்த அளவுகோல். தெர்மாமீட்டர் மாதிரி செங்குத்தாக இருக்கும், 0 முதல் 100 வரை, இன்றைக்கு உங்கள் உடல்நலம் எங்கே என்று காட்ட வேண்டும். "பாஸ் மார்க் அம்பதுதானே? அம்பத்தொண்ணு போடு" என்றார் ஒருவர். நான் சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். "இன்னிக்கு நல்லா இருக்கேன், நீ நேத்து வந்திருக்கணும்" என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. அது நியாயமான கோபம்தான். இந்தப் படிவம் இன்றைய நிலையை மட்டும்தான் கேட்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவம் இரண்டு வாரத்தைக் கேட்கும். அதைத் தயாரித்த மையங்களில் சென்னையும் ஒன்று என்று படித்தபோது ஏனோ எனக்கு ஒரு பெருமை.

அப்பாவுக்காகத் தானே எல்லாப் பதிலையும் சொல்லிக்கொண்டிருந்த அண்ணனுக்கு: உங்களை வெளியே போய் கோப்பி குடித்துவிட்டு வரச் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாததற்கு நன்றி. நீங்கள் போனதும் அவர் சொன்ன பதில் வேறு. அதே நாள் இன்னொரு தாத்தாவோடு வந்திருந்த இந்தோனேசியப் பணிப்பெண்ணுக்கும் நன்றி. தாத்தா வலி இல்லை என்று சொல்லச் சொல்ல, அந்தப் பெண் அவர் பின்னால் நின்றுகொண்டு, அப்படியில்லை என்று என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். விதிப்படி தாத்தாவின் பதிலைத்தான் குறித்தேன். டாக்டர் அறைக்குள் அந்தத் தங்கையையும் கூப்பிடுங்கள் என்று தாதியிடம் சொன்னேன், அதற்கு விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

இந்த எண்கள் எங்கே போகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பதிலும் சேர்ந்து ஒரே எண்ணாக மாறும், முழு நலம் 1, மரணம் 0. மிக மோசமான சில நிலைகள் 0வுக்கும் கீழே போகும். எந்த நிலைக்கு என்ன மதிப்பு என்று பொதுமக்களிடமே கேட்டுத்தான் கணக்கிடுகிறார்கள், சிங்கப்பூரிலும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஒரு மருந்து கொடுக்கும் பலனுக்கு அதன் விலை தகுமா என்று பார்க்கும் ஆய்வுகளில் இந்த எண் உட்காரும். அதனால்தான் உங்கள் "லேசாக"வுக்கும் "ஓரளவு"வுக்கும் நடுவில் நான் அவ்வளவு நேரம் காத்திருந்தேன். எல்லாரையும் சீன மொழியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் கேட்டிருந்தால் இந்தக் கணக்கில் நீங்கள் இருந்திருக்கவே மாட்டீர்கள்.

வரிசை எண் தப்பிவிடாமல் பார்த்துக்கொண்டு, யாருடைய எண் வந்தாலும் ஓடிவந்து சொன்ன முகப்பு அக்காவுக்கும், நாற்காலி இரண்டைச் சுவரோரம் ஒதுக்கிக் கொடுத்த துப்புரவு ஊழியர் பாட்டிக்கும், மதியம் இரண்டு மணிக்கு மேல் போனாலும் எனக்கென்று ஒரு தே ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) எடுத்து வைத்த கீழ்க் கடை அங்கிளுக்கும் நன்றி. படிவத்தைக் கேட்டு அழுத இரண்டு பேருக்கு உடனே ஆலோசகரிடம் நேரம் வாங்கிக் கொடுத்த தாதிக்குத் தனி நன்றி, அந்த இரண்டு நாளும் எனக்குக் கை நடுங்கியது.

கடைசியாக ஒன்று. செப்டம்பர் மழையில் வந்து, பேசி முடித்துவிட்டு அவசரமாக மருந்து வாங்கப் போன பாட்டி, மரக் கைப்பிடி வைத்த உங்கள் நீலக் குடை இன்னும் முகப்பில்தான் இருக்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் துரு பிடித்திருந்தது, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.