கண்ணாடிக்கு மெழுகு பூசச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டுக்குறிப்புப் பகுதியில், சுடுநீரில் குளித்த பிறகு பாத்ரூம் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஒரு துணுக்கு வந்திருந்தது. சோப்பு தடவுங்கள், ஷேவிங் ஃபோம் தடவுங்கள், வினிகர் தெளியுங்கள், காருக்குப் போடும் மெழுகைப் பூசுங்கள், ஹேர் டிரையரைக் காட்டுங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஏன் எதற்கு என்று ஒரு வரிகூட எழுதாமல் முடித்துவிட்டீர்கள். இதில் முதல் இரண்டும் மெழுகும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான வேலையைச் செய்பவை. வினிகர் பாதிக் கிணறுதான் தாண்டும். ஹேர் டிரையரை ஈரமான அறைக்குள் எடுத்துப் போகச் சொன்னதைப் படித்தபோது கொஞ்சம் பயமாகவே இருந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் காலையில் முகம் தெரியாமல் கையால் துடைத்துக்கொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடியில் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதிகமாக நீராவியைத் தாங்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத்தான் வைத்துக்கொள்ள முடியும், 30 டிகிரியில் அதுவே 30 கிராம், 40 டிகிரியில் 51 கிராம். ஷவரிலிருந்து கிளம்பும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொடும்போது அந்த இடத்தில் திடீரென்று அதன் கொள்ளளவு குறைந்துவிடுகிறது, மிச்சமாகும் நீர் அங்கேயே துளியாக இறங்கிவிடுகிறது. அதிகாலையில் புல்லில் பனி இறங்குவதும் இதே கணக்குதான். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814-லேயே பனித்துளியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி, குளிர்ந்த பொருளின் மேல் காற்றிலுள்ள ஈரம் இறங்குவதுதான் பனி என்று விளக்கியிருக்கிறார். பத்து கன மீட்டர் கொண்ட ஒரு சிறிய குளியலறையில் 25 டிகிரிக் காற்றை முழுக்க ஈரமாக்க மொத்தமே 230 கிராம் நீராவி போதும். அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே காற்றில் இருக்கும் என்பதால், குளிக்க ஆரம்பித்துச் சில நிமிடங்களிலேயே கண்ணாடி வெளுத்துப்போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

வெளுப்பாகத் தெரிவதற்குக் காரணம் தண்ணீர் இருப்பது மட்டும் அல்ல. அது லட்சக்கணக்கான நுண்துளிகளாகப் பிரிந்து நிற்பதும், ஒவ்வொரு துளியும் ஒளியை ஒவ்வொரு பக்கம் சிதறடிப்பதும்தான். அதே தண்ணீர் சீரான மெல்லிய படலமாகப் பரவி நின்றால் முகம் ஒழுங்காகத் தெரியும்.

ஆக வழிகள் மூன்றே மூன்று. காற்றின் ஈரத்தை வெளியே அனுப்பலாம், அல்லது கண்ணாடியைச் சூடாக வைத்துக்கொள்ளலாம், அதுவும் இல்லையென்றால் படிகிற நீர் துளியாக நிற்காமல் படலமாகப் பரவும்படி செய்துவிடலாம். யார் எந்தக் குறிப்பைச் சொன்னாலும் இந்த மூன்றில் எதில் சேர்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எதிலும் சேரவில்லையென்றால் தாராளமாகத் தூக்கிப் போடலாம்.

சோப்பும் ஷேவிங் ஃபோமும் மூன்றாவது வகை. சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறது, துளி குமிழாக எழுந்து நிற்க முடியாமல் தட்டையாகப் படுத்துவிடுகிறது. ஷேவிங் ஃபோமிலும் இந்த வேலையைச் செய்வது சோப்புதான், கூடவே கிளிசரின் மாதிரி ஈரத்தை இழுக்கும் பொருள்கள் இருக்கும். அதன் நுரைக்கென்று தனி மகிமை எதுவும் கிடையாது. என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விட எளிது பாத்திரம் கழுவும் திரவம்தான். கட்டி சோப்பை உப்புத்தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், திரவத்தில் அந்தத் தொல்லை குறைவு. கண்ணாடி காய்ந்திருக்கும்போது, காய்ந்த மெல்லிய துணியில் ஓரிரு சொட்டு விட்டு முழுவதும் தேய்க்க வேண்டும், அப்புறம் இன்னொரு காய்ந்த துணியால் கோடுகள் மறைந்து கண்ணாடி தெளிவாகும் வரை மெருகேற்ற வேண்டும். கழுவிவிடக் கூடாது. உங்கள் துணுக்கில் “தடவிக் கழுவவும்” என்று போட்டிருந்தீர்கள், கழுவினால் தடவியதற்கு என்ன பலன்? கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய பூச்சு அங்கேயே இருந்தால்தான் வேலை செய்யும். ஒவ்வொரு குளியலிலும் படிகிற நீரே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகும் என்பதால் சில நாட்களுக்கு ஒரு முறை திரும்பத் தடவ வேண்டியிருக்கும், அதற்குச் சோம்பல்படுபவர்களுக்கு இந்த வழி சரிப்படாது.

சோப்பு என்றதும் பாட்டி வைத்தியம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 1966 ஜூன் 5-ஆம் தேதி ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து வெளியே வந்த யூஜின் செர்னன் விண்வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். பிடித்துக்கொள்ளச் சரியான பிடிமானம் இல்லாமல் திணறித் திணறி வேலை செய்ததில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, உடையைக் குளிர்விக்கும் ஏற்பாட்டால் அந்தச் சூட்டையும் ஈரத்தையும் சமாளிக்க முடியவில்லை, ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை உள்பக்கம் முழுக்க ஆவி மூடிக்கொண்டுவிட்டது. கையை உள்ளே விட்டுத் துடைக்க முடியாதே! மூக்கு நுனியால் தேய்த்து ஒரு சின்ன ஓட்டை உண்டாக்கி அதன் வழியாகப் பார்த்திருக்கிறார். நினைத்திருந்த வேலைகளை முடிக்காமலேயே உள்ளே திரும்ப வேண்டியதாயிற்று. இந்தத் தொல்லைக்காக நாசா உருவாக்கிய பூச்சுக் கலவையில் முக்கியமான சரக்கு என்ன தெரியுமா, திரவ டிடர்ஜென்ட். கடலில் மூழ்குபவர்கள் முகமூடிக் கண்ணாடிக்குள் எச்சிலைத் துப்பித் தேய்த்துவிட்டு இறங்குவதும், கொரோனா காலத்தில் மாஸ்க்குக்கு மேல் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் சோப்புத் தண்ணீரில் அதைக் கழுவிக் காயவைத்ததும் இதே தத்துவம்தான்.

இப்போது மெழுகுக்கு வருகிறேன். காரின் முன்கண்ணாடியில் மழைநீர் ஒட்டாமல் ஓடுவதற்குப் பூசும் பொருளும் சரி, காருக்கு மெருகு போடும் மெழுகும் சரி, நீரை விலக்கும் தன்மை கொண்டவை. மழைத்துளி பெரியது, கனமானது, கார் ஓடும்போது காற்று வேறு தள்ளும், அதனால் உருண்டு ஓடிவிடுகிறது. ஆவி படியும் துளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் இருக்கும். உருண்டு விழும் அளவுக்கு அதற்குக் கனம் இல்லை, தள்ளிவிடப் பாத்ரூமில் காற்றும் இல்லை. அதனால் அது இருந்த இடத்திலேயே நிற்கிறது, அதுவும் மெழுகின் மேல் இன்னும் உருண்டையாக நின்று ஒளியை இன்னும் நன்றாகச் சிதறடிக்கிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று ஒட்டாத உறவுக்கு உதாரணம் சொல்வோமே, அந்தத் தாமரை இலைகூட மேலிருந்து விழும் துளியைத்தான் உருட்டிவிடும். நீராவி குளிர்ந்து அதன் நுண்ணிய மேடுகளுக்கு இடையிலேயே துளியாக உருவானால் அங்கே ஒட்டிக்கொண்டுவிடும் என்று ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். தாமரை இலைக்கே முடியாததைக் கார் மெழுகு செய்யும் என்று எழுதலாமா?

வினிகர் விஷயம் கொஞ்சம் வேறு. அது அழுக்கையும் உப்புப் படிவையும் நீக்கும், அவ்வளவுதான். ஆனால் அழுக்கு நீங்குவதே கொஞ்சம் உதவும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உண்மையிலேயே சுத்தமான கண்ணாடியில் நீர் தானாகவே படலமாகப் பரவும். நாம் பார்க்கும் கண்ணாடிகளில் எண்ணெய்ப் பசையும் தூசும் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருப்பதால்தான் நீர் துளித் துளியாக நிற்கிறது. ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1911-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு கண்ணாடியின் மேல் தீச்சுடரை ஓட்டிவிட்டு அதன் மேல் மூச்சை ஊதினால், சுடர் பட்ட தடம் மட்டும் வெளுக்காமல் தெளிவாக இருக்கும், மற்ற இடமெல்லாம் வெளுத்துவிடும். பிள்ளைகள் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதிய பெயர், துடைத்துக் காய்ந்து மறைந்த பிறகும் மறுநாள் குளிக்கும்போது மறுபடி எழுந்து வருவதும் இதனால்தான், விரல் பட்ட இடத்தில் நீர் படியும் விதம் மாறிப்போயிருக்கும். பேய் பிசாசு எதுவும் இல்லை. சிக்கல் என்னவென்றால் அந்தச் சுத்தம் நீடிக்காது, காற்றிலிருந்தே மறுபடி அழுக்கு படிந்துவிடும். அதனால் வினிகரால் துடைத்த அன்று நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான் என்று பலரும் சொல்வார்கள்.

டைட்டானியம் டைஆக்சைடு பூச்சு என்று ஒன்றும் இருக்கிறது. அகிரா ஃபூஜிஷிமாவும் கசுஹிதோ ஹாஷிமோதோவும் இருந்த ஜப்பானியக் குழு 1997-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது, புற ஊதா ஒளி பட்டால் அந்தப் பரப்பில் நீர் அப்படியே தட்டையாகப் பரவிவிடும். வெயில் படும் கார் பக்கக் கண்ணாடிக்குப் பொருத்தம், ஜன்னலே இல்லாத குளியலறைக்கு அவ்வளவாக இல்லை.

சூடாக்கும் வழிக்கு வருவோம். ஹேர் டிரையர் வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஈரக் கை, ஈரத் தரை, கையில் ஓடிக்கொண்டிருக்கும் மின்கருவி என்ற சேர்க்கையை ஒரு நாளிதழ் யோசனையாகச் சொல்லக் கூடாது. அதுவும் இரண்டு நிமிடம் முகம் பார்ப்பதற்காக! கண்ணாடியின் பின்புறம் ஒட்டும் மெல்லிய ஹீட்டர் தாள்கள் விற்கின்றன, காரின் பின்கண்ணாடியில் ஓடும் கம்பிகள் செய்யும் அதே வேலையை இவை செய்கின்றன. கண்ணாடி கொதிக்க வேண்டியதில்லை, ஈரம் இறங்கும் வெப்பநிலைக்குச் சில டிகிரி மேலே இருந்தால் போதும், அதனால் சாதாரண அளவுக் கண்ணாடிக்கு 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். விளக்கு சுவிட்சோடு இணைத்துவிட்டால் தனியாக நினைவு வைத்துக்கொள்ளவும் தேவையில்லை. ஒன்று மட்டும், இதைத் தெரிந்த எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், அந்த இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் துண்டித்துவிடும் பிரேக்கரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இவ்வளவு எழுதினாலும், என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது எக்ஸாஸ்ட் ஃபேனைத்தான். உங்கள் துணுக்கில் அதன் பெயரே வரவில்லை. கண்ணாடியில் படிகிற அதே ஈரம்தான் சுவரிலும் கூரையிலும் கதவின் மேல்பக்கத்திலும் படிகிறது, அங்கெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது. சோப்பு தடவினால் முகம் தெரியும், பூஞ்சை போகாது. குளியலறைக் காற்றை வெளியேற்றுவதற்கு ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பின் 62.2 தரநிலை நிமிடத்துக்கு 50 கன அடி என்று கேட்கிறது, அதாவது மணிக்கு 85 கன மீட்டர். மேலே சொன்ன பத்து கன மீட்டர் அறையில் இது ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை முழு அறைக் காற்றையும் மாற்றும் வேகம். பலர் குளித்து முடித்து, கண்ணாடி வெளுத்த பிறகு ஃபேனைப் போடுகிறார்கள், ஐந்து நிமிடத்தில் அணைத்தும் விடுகிறார்கள். சுடுநீரைத் திறக்கும் முன்பே போட்டு, முடித்த பிறகும் இருபது நிமிடமாவது ஓடவிட வேண்டும். இன்னொன்று, உள்ளே காற்று வர வழி இல்லாமல் வெளியே போக முடியாது. கதவுக்கு அடியில் இடைவெளியே இல்லாமல் அடைத்து வைத்திருந்தால் ஃபேன் சத்தம் மட்டும்தான் போடும். சந்தேகம் இருந்தால் கதவை மூடிவிட்டு, ஃபேனின் கிரில்லில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பாருங்கள் (படித்து முடித்த உங்கள் நாளிதழே போதும்), ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் கிரில்லில் தூசு அடைத்திருக்கும், இல்லையென்றால் காற்று உள்ளே வர வழி இருக்காது. ஃபேனின் குழாய் பொய்க்கூரைக்குள்ளேயே முடிந்துவிடுகிறதா, உண்மையிலேயே வெளியே போகிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

ஆவி கிளம்புவதையே குறைக்கவும் முடியும். 60 டிகிரி நீரின் ஆவி அழுத்தம், அதாவது நீர் ஆவியாகக் கிளம்பும் உந்துதல், 40 டிகிரி நீரைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். வாளியில் பிடித்துக் குளிப்பவர்கள் பச்சைத்தண்ணீரை முதலில் பிடித்து, சுடுநீரை அதற்குள் விட்டால் அறையில் புகை மாதிரி எழும்புவது நன்றாகவே குறையும். காசு செலவில்லாத வழி.

கண்ணாடியின் ஆயுளைப் பற்றியும் ஒரு வார்த்தை. படிந்த நீர் வழிந்து கீழ் விளிம்பில் தேங்கி, பின்பக்கம் ஏறும்போதுதான் அங்கே ரசம் போய் ஓரம் கறுக்கிறது. அம்மோனியா கலந்த கிளீனரை நேரே கண்ணாடியில் அடிப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். துணியில் தெளித்துத் துடையுங்கள், கீழ் ஓரத்தை மட்டுமாவது தினமும் காயவையுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அந்த மெழுகுக் குறிப்பைத் திருத்தி ஒரு நாலு வரி போடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம், கண்ணாடியின் பாதியில் மெழுகும் மறுபாதியில் பாத்திரம் கழுவும் திரவமும் தடவிவிட்டு உங்கள் அலுவலகத்திலேயே யாராவது ஒருவர் வீட்டில் குளித்துப் பார்க்கட்டும். ஏற்கெனவே நம்பிப் பூசிவிட்டவர்களுக்கும் வழி சொல்லிவிடுங்கள்: துணியில் ஸ்பிரிட் தொட்டு, விளக்கோ அடுப்போ எரியாத நேரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு துடைத்து, பிறகு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து கழுவினால் மெழுகு போய்விடும், ஒரே தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்