யானையின் பின்னங்கால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யாளி போன்ற கற்பனை விலங்கை வரையும் மாணவர்கள் பெரும்பாலும் பின்னங்காலில்தான் சறுக்குகிறார்கள். நாயின் பின்னங்காலில் பின்புறம் துருத்துவது முழங்கால் அல்ல, குதிகால். யானைக்குக் குதிகால் தரையை ஒட்டியே இருப்பதால் அந்த வளைவு தெரியாது. முழங்கால் நமக்குப்போல முன்னோக்கி மடங்கும். யானை உடலில் நாய்க்காலை ஒட்டினால் படம் நிற்காது, சரியும். எங்கள் மாவட்டத்தில் யானைகள் நடமாடும் தளி, அஞ்செட்டிப் பக்கம் ஈர மண்ணில் யானையின் முன்னங்கால் தடம் கிடைத்தால் நூலால் சுற்றளவு எடுங்கள். அதன் இருமடங்குதான் ஏறக்குறைய தோள் உயரம். செல்போன் படத்தைப் பார்த்து வரைபவர்களுக்கு இது எங்கே பிடிபடும்?

பின்னணியில் கிருஷ்ணகிரிக் குன்றுகளா? தூரத்துக் குன்றுக்கு நீர்த்த நீலம் பூசி, நன்றாகக் காய்ந்தபின் கிட்டத்துப் பாறைக்குப் போங்கள். ஈரத்தில் தொட்டால் விளிம்பு கசிந்து இரண்டும் ஒன்றாகிவிடும்.

– ஓவிய ஆசிரியர், கிருஷ்ணகிரி